பனி அள்ளும் மெஷினும் ஒரு குச்சியும்

எங்கள் வெள்ளக்கடையில் பனி என்றால் மூடுபனிதான். மார்கழிக் காலையில் எதிரே வருகிற ஆள் தெரியாது. ஆனால் அதை அள்ளவும் வேண்டாம், கூட்டவும் வேண்டாம். வெயில் ஏறினால் தானே போய்விடும். அதனால், 2019 டிசம்பரில் கனடாவில் இருக்கும் பையன் வீட்டுக்குப் போனபோது, பனி அள்ள ஒரு மெஷின் வாங்குவதற்காகக் கடை ஏறுவேன் என்று நான் நினைக்கவே இல்லை.

பையன் இருப்பது டொராண்டோவுக்கு வடக்கே பாரி என்ற ஊர். பக்கத்தில் ஜார்ஜியன் விரிகுடா. குளிர்காற்று அந்தத் தண்ணீரின் மேல் வரும்போது ஈரத்தை வாங்கிக்கொண்டு வந்து கரையில் பனியாகக் கொட்டும். ஒரே ராத்திரியில் முழங்கால் வரை.

ஒரு நாள் பையன் விடியற்காலையில் எழுந்து, டிரைவ்வேயைச் சவளால் அள்ளிச் சுத்தம் செய்துவிட்டு வேலைக்குப் போனான். அவன் போன பிறகு ரோட்டுப் பனியைத் தள்ளும் வண்டி வந்து, வாசல் முனையில் இடுப்பளவு வரப்பு போட்டதுபோல் குவித்துவிட்டுப் போய்விட்டது. 'மருமகள் எப்படிக் காரை எடுப்பாள்?' என்று குரங்குக் குல்லாவை மாட்டிக்கொண்டு நான் இறங்கினேன். பத்துச் சவள்கூட அள்ளியிருக்க மாட்டேன், நெஞ்சு இறுகிவிட்டது. எனக்கு ஏற்கெனவே ஸ்டென்ட் வைத்திருக்கிறது. படியில் உட்கார்ந்துவிட்டேன்.

"மாமா, இந்த வேலையை உங்களை யார் செய்யச் சொன்னது?" என்று மருமகள் ஓடிவந்தாள். அன்று ஆஸ்பத்திரியில் பார்த்து, பயமில்லை என்றார்கள். குளிரில் ரத்தக் குழாய் சுருங்கும், அந்த நேரத்தில் கனமாகத் தூக்கினால் இதயத்துக்கு இரட்டைச் சுமை என்று எச்சரித்தும் அனுப்பினார்கள். பையன் ராத்திரி என்னிடம் ஒரு வார்த்தை பேசவில்லை. திட்டியிருந்தால்கூடத் தேவலை.

சனிக்கிழமை கடைக்குப் போனோம். இரண்டு வகை காட்டினார்கள். ஒன்று ஒற்றைக் கட்டம். ரப்பர் துடுப்பு தரையைத் தொட்டுச் சுழன்று, பனியை அள்ளுவதும் எறிவதும் அதுவே. எடை குறைவு, விலையும் குறைவு. லேசான புதுப்பனிக்குப் போதும். இன்னொன்று இரட்டைக் கட்டம். முன்னால் இரும்புத் திருகு பனியை உடைத்து நடுவுக்குத் தள்ளும், பின்னால் ஒரு விசிறி அதை வாங்கிக் குழல் வழியாகத் தூர எறியும். சக்கரமும் எஞ்சினிலேயே ஓடும். நாம் பிடித்துக்கொண்டு நடந்தால் போதும்.

பையன் விலைச்சீட்டைப் பார்த்துத் தயங்கினான். 1,800 டாலர், அன்றைய கணக்கில் கிட்டத்தட்ட ஒரு லட்சம். முப்பது வருஷம் எஸ்டேட் பட்டறையில் எஞ்சினோடு இருந்தவன் நான். "கண்ணு, பெய்கிற பனிக்கு மெஷின் வாங்காதே. அந்த வண்டி குவித்துவிட்டுப் போகிறதே, அந்த வரப்புக்கு வாங்கு" என்றேன். அது உப்பும் சேறும் கலந்து கல்லாக இறுகிவிடும். ரப்பர் துடுப்புக்கு அடங்காது.

28 அங்குலம் வேண்டாம், 24 அங்குலம் போதும் என்றேன். கராஜில் காருக்குப் பக்கத்தில் நிற்க வேண்டும், மருமகளும் திருப்ப வேண்டும் அல்லவா? கல்லோ கட்டையோ சிக்கினால் கியர்பாக்ஸ் உடையாமல், தான் உடைந்து காப்பாற்றும் சின்ன ஆணி ஒன்று திருகில் இருக்கிறது. அதில் நாலு உபரியாக வாங்கிக்கொண்டோம்.

அடுத்த வாரமே ஈரப்பனி விழுந்தது. குழல் அடைத்துக்கொண்டது. பையன் எஞ்சினை நிறுத்திவிட்டுக் கையுறையோடு உள்ளே கையை விடப் போனான். ஜன்னலில் நின்றிருந்த நான் போட்ட சத்தத்தில் பக்கத்து வீட்டுக்காரர் எட்டிப் பார்த்தார்.

எங்கள் சித்தப்பா ஒருவர் காப்பிப் பழம் உரிக்கும் பல்ப்பரில் அடைப்பு எடுக்க, டீசல் எஞ்சினை நிறுத்திவிட்டுத்தான் கையை விட்டார். எஞ்சின் நின்றது, சக்கரம் நிற்கவில்லை. இரண்டு விரல் போயிற்று. இந்த மெஷினில் எல்லாம் நின்ற பிறகும், அடைப்பில் இறுகிய விசை உள்ளே மிச்சம் இருக்கும். அடைப்பு விலகியதும் விசிறி ஒரு வெட்டு வெட்டும். அதற்காகவே மெஷினோடு ஒரு பிளாஸ்டிக் குச்சி தருகிறார்கள். பையன் அதை உறைகூடப் பிரிக்காமல் அலமாரியில் வைத்திருந்தான்.

அன்று ராத்திரி அப்பனும் மகனும் ஒரு ஒப்பந்தம் போட்டோம். நான் சவளைத் தொடக்கூடாது. அவன் குழலுக்குள் கையை விடக்கூடாது.

இப்போது நான் ஊரில். ஜனவரியில் காப்பி காயப் போட்டிருக்கும்போது வீடியோவில் கூப்பிடுவான். பின்னால் வெள்ளையாகத் தெரியும். "குச்சி எங்கே?" என்பேன். எடுத்துக் காட்டுவான். "மாத்திரை போட்டீங்களாப்பா?" என்பான். நானும் டப்பாவை எடுத்துக் காட்டுவேன்.