ஊதாரி யார்?

எண்ணெய் விலை ஏறும்போதெல்லாம் இரும்பைக் கிராமத்தில் வேப்பமர நிழலில் நிற்கும் பழைய மகிழுந்து ஒன்று நம் நினைவுக்கு வருகின்றது. அதனோடு, பலிபீடத்தின் அருகில் நின்று நாம் செய்த பிழையொன்றும் நினைவுக்கு வருகின்றது. பிறருடைய பாவத்தைப் பற்றிப் பேசுவது நமக்கு எளிதாகக் கைவந்த கலை. இம்முறை நம் பிழையைப் பற்றியே வாசக அன்பர்களோடு சற்றுப் பேச விரும்புகின்றோம்.

2022ஆம் ஆண்டுத் தவக்காலத்தின் நான்காம் ஞாயிறு. மார்ச் 27ஆம் நாள். உக்ரைன் நாட்டில் போர் மூண்டு ஒரு மாதம் கடந்திருந்தது. கச்சா எண்ணெய் பீப்பாய் ஒன்று 100 டாலரைத் தாண்டியிருந்தது. மார்ச் 22 முதல் நம் நாட்டிலும் பெட்ரோல், டீசல் விலை ஏறக்குறைய நாள்தோறும் ஏறியது. இரண்டே வாரங்களில் லிட்டருக்கு 10 ரூபாய் உயர்ந்து, சென்னையில் பெட்ரோல் 110 ரூபாயைக் கடந்தது. இரும்பைப் பகுதி மக்கள் சில ரூபாய் மிச்சப்படுத்த எல்லை தாண்டிப் புதுச்சேரிக்குச் சென்று எண்ணெய் நிரப்பி வருவது பழைய வழக்கம். அவ்வாரங்களில் அந்த மிச்சமும் ஆறுதல் தரவில்லை.

அன்றைய நற்செய்தி வாசகம் ஊதாரி மைந்தன் உவமை. இதைவிடப் பொருத்தமான வாசகம் வேறு வேண்டுமோ? தந்தையின் சொத்தை வீணடித்த இளைஞனில் தொடங்கி, காலத்தின் அருமை அறியாது செல்வத்தைப் புகையாக்கும் நம் காலத்து ஊதாரிகளுக்கு வந்தோம். "ஏழை ஸ்கூட்டருக்கு அரை லிட்டர் ஊற்றத் தயங்குகிறான். சிலரோ பொழுதுபோக்குக்காகப் பழைய வண்டிகளை வளர்த்து, அவற்றின் வயிற்றில் பெட்ரோலைக் கொட்டுகிறார்கள்" என்றோம். பெயர் எதுவும் சொல்லவில்லை. சொல்ல வேண்டிய தேவையும் இருக்கவில்லை. கோவில் வாசலில் நின்ற பழைய வண்டி ஒன்றே ஒன்றுதான். மக்கள் சிலர் திரும்பி வாசலைப் பார்த்ததை நாமும் பார்த்தோம். மறையுரை நன்றாக அமைந்தது என்று அன்று பகலுணவின்போது நம்மை நாமே மெச்சிக்கொண்டோம்.

அவ்வண்டி ஸ்டாண்டர்ட் ஹெரால்டு. ஐம்பது, அறுபது வயதைக் கடந்த வாசகர்களுக்கு இப்பெயர் நினைவிருக்கும். கல்கத்தாப் பக்கத்து உத்தர்பாராவிலிருந்து அம்பாசடரும், பம்பாயிலிருந்து ஃபியட்டும் வந்த காலத்தில், நம் சென்னையிலிருந்து வந்தது ஹெரால்டு. இங்கிலாந்தின் டிரையம்ப் ஹெரால்டைத் தழுவி, 1961 முதல் ஸ்டாண்டர்ட் மோட்டார் நிறுவனத்தார் இதனைச் செய்தனர். உருவத்தை வரைந்தவர் இத்தாலியரான மிக்கெலோத்தி. இதன் முன்பகுதி முழுவதும், சக்கரங்களின் மேல்மூடி உட்பட, ஒரே தகடாக முன்னோக்கிக் கவிழ்ந்து திறக்கும். குறுகிய இடத்திலும் எளிதாய்த் திரும்பும். ஹெரால்டு என்னும் ஆங்கிலச் சொல்லுக்குக் கட்டியங்கூறுவோன் என்பது பொருள். ஞாயிறு காலையில் அதன் ஓசை கேட்டால், திருப்பலிக்கு முதல் மணி அடிக்க நேரமாயிற்று என்று நம் உபதேசியார் எழுந்துவிடுவார்.

அதன் உரிமையாளர் கடைசல் பட்டறையில் உழைத்து ஓய்ந்தவர். இரும்புக் கடைக்குப் போகவிருந்த வண்டியை, நாற்பதாண்டுகளுக்கு முன் தம் கூலியில் மீட்டு, தம் கையாலேயே உயிர் கொடுத்தவர். அதற்கப்பால் அவரைப் பற்றி நாம் அறிந்திருக்கவில்லை. அறிய முயலவும் இல்லை.

அடுத்த ஞாயிறு ஹெரால்டு வரவில்லை. அன்றைய வாசகம் விபசாரத்தில் பிடிபட்ட பெண்ணைப் பற்றியது. கல்லெறிவோர் குறித்து உருக்கமாகவே பேசினோம். குருத்து ஞாயிறன்றும் வண்டி வரவில்லை. கோவிலில் கூட்டம் மிகுதி, நாம் கவனிக்கவில்லை.

புனித வாரத்தின் திங்களன்று, கோவிலுக்கு வர இயலாதோரைச் சந்திக்கச் சென்றோம். இரும்பைக்கு அருகே ஒரு குடிசையில் முதிய விதவை ஒருவர். ஞாயிறுதோறும் கோவிலில் நாம் காணும் முகம். "என்ன பாட்டி, உடம்புக்கு முடியவில்லையா?" என்று கேட்டோம். "உடம்புக்கு என்ன சாமி? கால்தான் நடக்காது. வண்டி வர்ல, நானும் வர்ல. அடுத்த வீட்டுக் கிழவியும் அப்படித்தான்" என்றார். எந்த வண்டி என்று கேட்கும் முன்பே நமக்கு விளங்கிற்று. பதினோரு ஆண்டுகளாக அவ்விரு மூதாட்டியரையும் ஞாயிறுதோறும் வாசலில் வந்து ஏற்றிச் சென்றது அந்த ஹெரால்டு. அவர்களுள் ஒருவரை நள்ளிரவில் ஜிப்மர் மருத்துவமனைக்குக் கொண்டு சேர்த்ததும் அதுவே. மூன்றாண்டுகளாக அப்பங்கில் இருந்த நாம் இதனை அறிந்திருக்கவில்லை.

அங்கிருந்து நேரே அவர் வீட்டுக்குப் போனோம். வண்டி தார்ப்பாயால் மூடப்பட்டிருந்தது. "தோத்திரம் சாமி" என்று எழுந்து நின்றவர், நாற்காலியைத் துடைத்துப் போட்டார். முகத்தில் சினம் இல்லை. அது நம்மை மேலும் வாட்டியது. "நீங்க சொன்னத யோசிச்சுப் பார்த்தேன் சாமி. எடைக்கு எடுக்கிற ஆள் வந்து பார்த்துட்டுப் போயிருக்காரு. பாஸ்கு முடிஞ்சதும் குடுத்துடலாம்னு இருக்கேன்" என்றார்.

மன்னிப்புக் கேட்க வாயெடுத்தோம். அதற்குள் அவர் மனைவி அடுக்களையிலிருந்து வெளியே வந்தார். "நீங்க சொன்னது சரிதான் சாமி. நாப்பது வருசமா நான் சொல்றத நீங்க மைக்குல சொன்னீங்க. கூரையில ஓடு மாத்தணும்னு எத்தனை மழையாக் கேக்குறேன். அதுக்குக் காசு இல்ல, கார்புரேட்டருக்குக் காசு இருக்கு" என்றார். சற்று நிறுத்தி, தாழ்ந்த குரலில், "ஆனா அந்தக் கிழவிங்க ரெண்டு பேரும் பூசை காணாம கிடக்குறாங்களே, அதுக்கு யார் பதில் சொல்றது?" என்றும் கேட்டார்.

நாம் திகைத்தோம். வண்டியை ஊதாரித்தனம் என்று தீர்ப்பிட்டு வந்தோம்; பின்பு அதுவே பிறரன்புப் பணி என்று மனத்தை மாற்றிக்கொண்டு இங்கு வந்தோம். அவ்வம்மையாரோ இரண்டும் உண்மையென்று ஒரே மூச்சில் காட்டிவிட்டார். ஒழுகும் கூரையும் உண்மை. ஞாயிறு காலை மூதாட்டியரின் வாசலில் கேட்கும் ஒலியும் உண்மை. அறநெறி இயலை ஏழாண்டுகள் பயின்ற நமக்கு இதற்கு உடனடி விடை கிடைக்கவில்லை.

பெரியவர் தம் கணக்கு நோட்டைக் கொண்டு வந்தார். ஒரு பழைய வண்டியை ஓட்டுவது எத்தகைய பாடு என்பதை அன்றுதான் அறிந்தோம். லிட்டருக்குப் பத்துப் பன்னிரண்டு கிலோமீட்டர்தான் கொடுக்கும். 2000ஆவது ஆண்டில் ஈயம் கலந்த பெட்ரோல் நாடெங்கும் நிறுத்தப்பட்டது. காற்றுக்கும் குழந்தைகளின் மூளைக்கும் அது நன்மை. ஆனால், பழைய எஞ்சினின் வால்வுகள் ஈயத்தை நம்பிச் செய்யப்பட்டவை. அவர் கடைசல் வேலை அறிந்தவராதலின் வால்வு இருக்கைகளை மாற்றிக்கொண்டார். 2010இல் பெட்ரோல் விலை அரசின் கட்டுப்பாட்டிலிருந்து விடுபட்டது. 2017 சூன் முதல் நாள்தோறும் மாறத் தொடங்கியது. பக்கத்துக்குப் பக்கம் அவர் எழுதிய எண்கள் படிக்கட்டுபோல் ஏறிச் சென்றன. ஓடிய கிலோமீட்டர்களோ இறங்கிச் சென்றன. ஒரு காலத்தில் வேளாங்கண்ணிவரை சென்ற வண்டி, இப்போது கோவிலுக்கும் மருத்துவமனைக்கும் மட்டுமே.

"ஐம்பது வருசம் தாண்டின வண்டிக்குத் தனிப் பதிவு இருக்குன்னு சொன்னாங்க சாமி. வேணாம்னுட்டேன்" என்றார். 2021இல் நடுவண் அரசு கொண்டுவந்த விதியைக் குறிப்பிட்டார். அப்பதிவு பெற்ற பழம்பெரும் வண்டிகளைக் கண்காட்சிக்கும் அணிவகுப்புக்கும் பழுது பார்க்கவும் எண்ணெய் நிரப்பவும் ஓட்டலாம். அன்றாடப் போக்குவரத்துக்கு ஓட்டலாகாது. "காட்சிக்கு வைக்கிறதுன்னா அந்தப் பாட்டிங்களை யாரு ஏத்துறது?" என்றார். அழகுக்காக வண்டி வைத்திருப்பவர் என்று நாம் எண்ணிய மனிதர், அழகுக்கென்றே உள்ள பதிவை மறுத்தவராய் நின்றார்.

அன்றிரவு பங்கு ஜீப்பின் பயணக் குறிப்பேட்டை எடுத்துப் பார்த்தோம். அதற்கு டீசல் ஊற்றுவது மக்களின் காணிக்கை. அம்மாதத்தில் ஓடிய தொலைவில் நோயாளிகளுக்காகவும் கிளைக் கிராமங்களுக்காகவும் ஓடியது பாதிக்கும் குறைவு. மீதி திருமண விருந்துகள், திறப்பு விழாக்கள், பேருந்தில் சென்றிருக்கக்கூடிய நகரப் பயணங்கள். ஊதாரி யார் என்னும் கேள்வி கோவில் வாசலைத் தாண்டி நம் அறைக்குள் வந்து அமர்ந்துகொண்டது. அவ்வுவமையில் வரும் மூத்த மகன், தம்பியின் செலவுக் கணக்கை நன்றாக அறிந்திருந்தான். தன் கணக்கை அவன் பார்த்ததாக நற்செய்தி கூறவில்லை.

திருச்சபையின் வரலாற்றிலும் வண்டிகள் பாடம் புகட்டியுள்ளன. 1964இல் நற்கருணை மாநாட்டுக்காகப் பம்பாய் வந்த புனித ஆறாம் பவுல், தமக்கு அன்பளிப்பாக வந்த லிங்கன் மகிழுந்தை அன்னை தெரேசாவிடம் கொடுத்துச் சென்றார். அன்னை அதில் ஏறவில்லை. குலுக்கல் சீட்டின்மூலம் பணமாக்கித் தொழுநோயாளர் பணிக்குச் செலவிட்டார். மறைந்த திருத்தந்தை பிரான்சிஸ் 2013 சூலையில், புதுப்புது வண்டிகளில் வலம் வரும் குருக்களையும் துறவியரையும் கண்டால் தமக்கு வேதனையாயிருக்கிறது என்று குருமாணவரிடம் கூறினார். அதே ஆண்டு செப்டம்பரில் இத்தாலியக் குரு ஒருவர் தம் பழைய ரெனோ 4 வண்டியை அவருக்குக் கொடுத்தார். 1984இல் செய்யப்பட்டு, 3 லட்சம் கிலோமீட்டர் ஓடிய வண்டி. திருத்தந்தை மகிழ்ந்து ஏற்றார். 2017இல் லம்போர்கினி நிறுவனத்தார் அதிவேக வண்டியொன்றை அளித்தபோது, அதனை ஆசீர்வதித்து ஏலத்துக்கு அனுப்பினார். மறு ஆண்டு அது 7 லட்சம் யூரோவுக்கு மேல் விலைபோயிற்று. ஈராக்கின் நினிவே சமவெளியில் வீடிழந்த கிறிஸ்தவர்களுக்கும் வேறு துயருற்றோருக்கும் அப்பணம் சென்றது. ஒரு வண்டியை வைத்துக்கொண்டார்; ஒரு வண்டியை விட்டுவிட்டார். எது பணி செய்யும், எது பணமானால் பணி செய்யும் என்று பகுத்தறிந்ததே அவருடைய ஞானம்.

இரும்பை மாகாளம் திருஞானசம்பந்தர் பாடிய தலம். அவ்வூரார் கடுவெளிச் சித்தரின் கதையைச் சொல்வர். ஆடிக்கொண்டிருந்த பெண்ணின் சிலம்பு கழன்றபோது, ஆட்டம் தடைபடக்கூடாதென்று சித்தர் குனிந்து அதனைக் கட்டிவிட்டாராம். கண்டவர்கள் நகைத்தார்களாம். அந்த நகைப்பினால் மூண்ட அவர் சினத்தில் சிவலிங்கமே வெடித்ததாம். உதவிய கையைக் கண்டு தவறாக நகைத்த கூட்டத்தில் நாமும் ஒருவராய் நின்றோமே என்று அக்கதையை நினைக்குந்தோறும் வெட்கமுறுகின்றோம்.

பெரிய வியாழனன்று மீண்டும் அவ்வீட்டுக்குப் போனோம். "விற்க வேண்டாம் என்று சொல்ல வரவில்லை ஐயா. விற்கவும் சொல்ல மாட்டோம். நீங்கள் பதில் பேச முடியாத இடத்தில் நின்று உங்களைப் பேசினோம், அதற்கு மன்னிப்புக் கேட்க வந்தோம்" என்றோம். அவர் தலை குனிந்து நின்றார். அம்மையார்தான் பேசினார். கொட்டகையில் பல்லாண்டுகளாகச் சேர்த்து வைத்த உதிரிகள் இருந்தன: முழு எஞ்சின் ஒன்று, கதவுகள், விளக்குகள். "வண்டி இருக்கட்டும். அதுக்குப் பின்னால தூங்குற இன்னொரு வண்டி எதுக்கு?" என்றார். பெரியவர் நெடுநேரம் பேசாதிருந்து, பின்பு தலையசைத்தார். சென்னையில் பழைய வண்டி வைத்திருப்போர் வந்து வாங்கிச் சென்றனர். அவ்வாண்டு மழைக்கு முன் கூரைக்குப் புதிய ஓடு வந்தது.

உயிர்ப்புப் பெருவிழாத் திருவிழிப்பு இரவில், புதுத் தீயை மந்திரிக்க வெளியே வந்தபோது ஹெரால்டின் ஓசை கேட்டது. மூதாட்டியர் இருவரும் மெழுகுதிரியோடு இறங்கினர். ஆளுக்குப் பத்து ரூபாய் எண்ணெய்க்கென்று கொடுத்தே ஏறுவதென்று அவர்கள் தீர்மானித்திருந்தார்கள். அதன்பின் பங்கு ஜீப்பின் பயணக் குறிப்பேட்டை மாதந்தோறும் பங்குப் பேரவையின் முன் வைத்தோம். முதல் மாதம் கூச்சமாயிருந்தது. பின்பு பேருந்தில் போகப் பழகிக்கொண்டோம்.

ஆண்டுகள் சில கடந்துவிட்டன. 2025க்குள் பெட்ரோலில் 20 விழுக்காடு எத்தனால் கலப்பது நடைமுறைக்கு வந்துவிட்டது. கரும்பு உழவருக்கும் நாட்டின் அந்நியச் செலாவணிக்கும் அது உதவி. பழைய வண்டியின் ரப்பர் குழாய்களை அது அரிக்கும். மைலேஜையும் சற்றுக் குறைக்கும். அதே ஆண்டில், 20 வயது கடந்த மகிழுந்துகளின் பதிவைப் புதுப்பிக்கும் கட்டணம் 10,000 ரூபாயாயிற்று. நாம் வேறு பங்குக்கு மாறிவிட்டோம். தொலைபேசியில் அழைத்தபோது, "குழாயெல்லாம் மாத்திட்டேன் சாமி. எத்தனை நாளைக்கோ தெரியாது. அவங்க ரெண்டு பேரு இருக்கிற வரைக்கும் ஓடட்டும்" என்றார்.

விளக்கேந்திய பத்துக் கன்னியர் உவமையை இனி வாசிக்கும்போது, எண்ணெய் எவ்வளவு இருந்தது என்பதோடு நம் தியானம் நிற்பதில்லை. அவ்வெண்ணெய் யாருடைய வருகைக்காக எரிந்தது என்றும் நம்மை நாமே கேட்டுக்கொள்கின்றோம். வண்டியோ வீடோ கைப்பேசியோ, நம்மிடம் உள்ளவை எவருக்காக ஓடுகின்றன என்று, பிறர் வாசலை நோக்கும் முன் நம் குறிப்பேட்டைத் திறந்து பார்ப்போமாக.