தேங்காயும் மாசியும்

"தேயிலைத் தூரைத் தோண்டினா தேங்காயும் மாசியும் கெடைக்கும்னு கங்காணி சொன்னதை நம்பி வந்த சனம்." இலங்கையின் ஹட்டன் பக்கத்துத் தேயிலைத் தோட்ட லயங்களில் இந்தப் பேச்சைக் கேட்காமல் வளர்ந்த பிள்ளை குறைவு. ஏஜென்டின் பேச்சை நம்பி அடுத்த காம்பிராப் பெண் மத்திய கிழக்குக்குக் கிளம்பியபோதும் எங்கள் அப்பாயி, "அங்கயும் தேங்காயும் மாசியும்னாங்களா தாயி?" என்றுதான் கேட்டார்.

பொன்னும் மணியும் இருக்க, ஏன் இந்த இரண்டு? விடை அடுப்படியில் இருக்கிறது. காலையில் வேலைக்கு ஆள் பிரிக்கும் பெரட்டுக்கு முன்னே, இருட்டோடு எழுந்து கோதுமை மாவைப் பிசைந்து ரொட்டி தட்டுவார் அப்பாயி. மாலைதீவில் சூரை மீனை அவித்து, புகையூட்டி, வெயிலில் காயப்போட்டு அனுப்பும் மாசி கட்டையாய் இறுகிக் கிடக்கும். அம்மியில் வைத்துக் குழவியால் ஒரு போடு போட்டால் செதில் செதிலாகத் தெறிக்கும். காய்ந்த மிளகாய், சின்ன வெங்காயம், தேங்காய்ப்பூ, கடைசியில் தேசிக்காய்ப் புளி. அதுதான் சம்பல். மாதக் கடைசியில் மாசி தீர்ந்துவிடும். அப்புறம் உப்பும் மிளகாயும்தான்.

எங்கள் மலைநாட்டு நுவரெலியா 6000 அடிக்கு மேலே இருக்கிறது. அந்தக் குளிரில் தென்னை காய்க்காது. குருநாகல், சிலாபம் பக்கத்துத் தேங்காய் லொறியேறி வரும். மாசி கடல் தாண்டி வரும். இரண்டையும் நாங்கள் கடனுக்கு வாங்கித் தின்றோம்.

கடன் என்றதும் கங்காணி நினைவுக்கு வருகிறார். தோட்டத்தில் முன்பணம் வாங்கிக்கொண்டு திருச்சி, சேலம், மதுரை, புதுக்கோட்டைப் பக்கம் சொந்த ஊருக்கே போய் ஆள் சேர்த்தவர். வழிச்செலவு வந்தவர் கணக்கில் கடனாக ஏறும். வேலைக்கு நின்ற ஒவ்வொரு ஆளுக்கும் கங்காணிக்குத் தலைக்காசு. கடனை எழுதிய 'துண்டு' கைமாறினால் ஆட்களும் தோட்டம் மாறினார்கள். 1921இல்தான் அந்தத் துண்டு முறை சட்டப்படி ஒழிந்தது.

அதற்கும் முன்னே, தாது வருஷப் பஞ்சம். 1876 முதல் 1878 வரை சென்னை மாகாணம் சோறின்றிச் செத்தது. பசிக்குத் தப்பி சனம் வந்தபோது இங்கே கோப்பிதான். ஜேம்ஸ் டெய்லர் லூல்கந்துரையில் 1867இல் 19 ஏக்கரில் தேயிலை நட்டிருந்தாலும், இலைநோயில் கோப்பி அழிந்த பிறகே மலையெல்லாம் தேயிலையானது. தேயிலைத் தூர் என்று சொல்வதால், இந்தப் பேச்சும் அதற்குப் பிறகு பிறந்ததாகத்தான் இருக்க வேண்டும்.

ஆரம்பத்தில் வந்தவர்கள் தலைமன்னாரில் இறங்கி, காட்டுவழியே மாத்தளைக்கு நடந்தார்கள். காலராவிலும் காய்ச்சலிலும் விழுந்தவர்கள் வழியிலேயே கிடந்தார்கள். 2023இல் மலையகத் தமிழர் வந்து 200 ஆண்டுகள் ஆனதை நினைத்து அதே பாதையில் நம் ஆட்கள் மீண்டும் நடந்தபோது, போய்ச் சேராதவர்களைத்தான் நினைத்துக்கொண்டேன்.

திரும்பிப் போனதும் தலைமன்னார் வழியேதான். 1948இல் எங்கள் குடியுரிமை பறிபோனது. 1964இல் சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தம் 5,25,000 பேரை இந்தியாவுக்கு என்று எழுதியது. மலையிலிருந்து அவர்களை ஏற்றிப்போன ரயிலுக்கு 'ஒப்பாரிக் கோச்சி' என்று பெயர். சித்தப்பா அதில்தான் போனார். அங்கே வீடும் நிலமும் தருவார்கள் என்று சொல்லியிருந்தார்கள். கோத்தகிரியில் மறுபடியும் கொழுந்துக் கூடைதான் கிடைத்தது. அவர் எழுதிய முதல் கடிதத்தைக் கேட்டுவிட்டு, "அதே தேங்காயும் மாசியும்" என்றார் அப்பாயி.

அந்தக் குரலில் கேலி இல்லை. அதனால்தான் எனக்கு ஒன்று உறுதியாகத் தோன்றுகிறது. வந்தவர்கள் ஏர் பிடித்தவர்கள், நாற்று நட்டவர்கள். செடியின் தூரில் கருவாடு விளையாது என்று அவர்களுக்கா தெரியாது? இந்தப் பேச்சு ஊரில் கங்காணி சொல்லி அவர்கள் நம்பிய வார்த்தையாக இருக்காது. மலைக்கு வந்து, ஏமாந்து, அட்டைக்கடியும் கடனும் கண்ட பிறகு, தங்களுக்கு நடந்ததை ஒரே வரியில் அவர்களே சொல்லி வைத்திருக்கிறார்கள். பின்னால் வந்தவர்கள் அதை அவர்களின் அறியாமைக்குச் சான்றாக்கிவிட்டார்கள். தோட்டத்துப் பள்ளியில் ஒரு பிள்ளை இதன் கதையைக் கேட்டால், தாது வருஷத்தையும் துண்டையும் தலைக்காசையும் சேர்த்தே சொல்லிக்கொடுங்கள். தன் பாட்டன் முட்டாள் இல்லை என்று அந்தப் பிள்ளை தெரிந்துகொள்ளட்டும்.