கட்டுத்தரையும் எருக்குழியும்

என் மாமியார் எந்தத் தோட்டத்துக்குப் போனாலும், வாசலில் போட்ட நாற்காலியில் உடனே உட்கார மாட்டார். "இருங்க, வந்தர்றேன்" என்று சொல்லிவிட்டு வீட்டைச் சுற்றிக்கொண்டு நேராகக் கட்டுத்தரைக்குப் போவார். மாடு நிற்கிற தரை, தண்ணித்தொட்டி, சோளத்தட்டுப் போர், எருக்குழி, இந்த நாலையும் ஒரு பார்வை பார்த்துவிட்டுத்தான் திரும்புவார். வெள்ளாமை நன்றாக இருந்தால் அதற்கு மழை காரணமாக இருக்கலாம், கிணற்றுத் தண்ணீர் காரணமாக இருக்கலாம். கட்டுத்தரை சுத்தமாக இருந்தால் அதற்கு அங்கே இருக்கிற மனுசர்கள்தான் காரணம் என்பது அவர் கணக்கு. அந்தக் கணக்கு சரி என்று நானும் நம்புகிறேன்.

காங்கேயத்துக்கும் வெள்ளகோவிலுக்கும் நடுவில் எங்கள் பூமி. சிறிய பண்ணையம். ஒரு பங்கு கொறங்காடு என்கிற மேய்ச்சல் பூமி, மீதி கிணற்றுப் பாசனம். பழையகோட்டைச் சந்தையில் பிடித்து வந்த மாட்டின் வழியில் இரண்டு காங்கேயம் மாடுகள், ஒரு கன்று, கொஞ்சம் செம்மறி ஆடுகள், கோழிகள். வருமானத்தைக் கேட்கிறவர்கள் பாலையும் வெங்காயத்தையும் தேங்காயையும் கேட்பார்கள். எருவை யாரும் கேட்பதில்லை. ஆனால் விடிந்ததிலிருந்து பொழுது இறங்கும்வரை நான் செய்கிற வேலையில் முக்கால்வாசி கடைசியில் எருக்குழியில்தான் போய்ச் சேர்கிறது.

காலையில் முதல் வேலை சாணி அள்ளுவது. மாடு எழுந்து நின்று கொஞ்ச நேரத்திலேயே அள்ளிவிட வேண்டும். மிதிபட்டுவிட்டால் சாணி மண்ணோடு ஒட்டி, கால் குளம்பிலும் மடியிலும் ஏறும். இரண்டு கையாலும் அடியில் கொடுத்து ஒரே வழியாக வழித்து மக்கிரியில் போடுவேன். அள்ளும்போதே மாட்டின் உடம்பு நிலை தெரிந்துவிடும். தளர்வாக வட்டம் வட்டமாக விழுந்திருந்தால் நல்லது. உருண்டை உருண்டையாகக் கெட்டியாக இருந்தால் முந்தின நாள் தண்ணீர் போதவில்லை. நாற்றமடித்துத் தண்ணீராகப் போனால் தீனியில் கோளாறு. தட்டுத் துண்டு முழுசு முழுசாக வந்திருந்தால் மாடு சரியாக அசை போடவில்லை. கால்நடை மருத்துவருக்குப் போன் செய்வதற்கு முன்னால் நான் பார்க்கிறது இதைத்தான்.

சாணி கண்ணுக்குத் தெரிகிறது, அதனால் எல்லோரும் அள்ளுகிறார்கள். மூத்திரம் தரையில் இறங்கிப் போய்விடுகிறது. மாடு வெளியே தள்ளுகிற தழைச்சத்தில் ஏறக்குறைய பாதியும், சாம்பல் சத்தில் பெரும்பகுதியும் மூத்திரத்தில்தான் இருக்கின்றன. மணிச்சத்து மட்டும் சாணியோடு நிற்கிறது. மூத்திரத்தில் இருக்கும் யூரியா ஓரிரு நாளிலேயே அம்மோனியாவாக மாறிக் காற்றில் போய்விடும். காலையில் கட்டுத்தரைக்குள் நுழைந்ததும் கண்ணைக் கரிக்கிற அந்த வாடைதான் அது. கடையில் மூட்டைக்குக் காசு கொடுத்து வாங்குகிற சரக்கு வீட்டில் ஆவியாகப் போகிறது என்று அர்த்தம்.

எங்கள் கட்டுத்தரைக்கு சிமென்ட் போடவில்லை. தரை ஒரு சாண் உயரத்துக்குச் செம்மண் கொட்டி இறுக்கியது, பின்பக்கம் லேசான சரிவு. மாடு தின்றது போக மிஞ்சுகிற கூளத்தைச் சாயங்காலம் பின்னங்கால் பக்கம் பரப்பிவிடுவேன். ராத்திரி விழுகிற மூத்திரத்தையெல்லாம் அது குடித்துவிடும். காலையில் ஈரக் கூளத்தைச் சீமாற்றால் கூட்டி, சாணியோடு சேர்த்து அள்ளிவிடலாம். தட்டு கையிருப்புக் குறைகிற கோடையில் கூளம் மிஞ்சாது. அப்போது காய்ந்த வண்டல் மண்ணைத் தூவுவோம்; நனைந்ததும் சுரண்டி எடுத்துக் குழியில் போட்டு, புது மண் தூவுவோம். "கட்டுத்தரை மண்ணு வருசத்துக்கு ஒருக்கா மாறோணும் அம்மணி, மாறுலீன்னா மாட்டுக்கும் ஆகாது, காட்டுக்கும் ஆகாது" என்பார் என் மாமியார். நான் வாழ்க்கைப்பட்டு வந்த புதிதில் அவர் எனக்குச் சொல்லிக் கொடுத்த முதல் வேலை இது. சமையலறைப் பக்கம் அதற்கப்புறம்தான் கூட்டிப் போனார்.

பால் கறப்பதில் ஒரு விஷயத்தை மட்டும் சொல்லிவிட்டுப் போகிறேன். காங்கேயம் மாடு கன்று முட்டாமல் பால் விடாது. கன்றை விட்டு, மடியில் பால் இறங்கியதும் பிடித்துக் கட்டி, மடியைக் கழுவித் துடைத்து, முதல் பீச்சல்களைத் தனியாக ஊற்றிவிட்டுக் கறக்க ஆரம்பித்தால், ஏழெட்டு நிமிடத்துக்குள் முடித்துவிட வேண்டும். அதற்குமேல் பால் இறக்கம் நீடிக்காது. கறந்து முடித்த கையோடு மாட்டுக்குத் தட்டு போட வேண்டும். இதைப் பலர் கறப்பதற்கு முன்பே போட்டுவிடுகிறார்கள். கறந்தபின் காம்பின் கண் மூட அரைமணி நேரம்போல் ஆகும். அந்த நேரத்தில் மாடு சாணித் தரையில் படுத்தால் கிருமி உள்ளே ஏறி மடிநோய் வரும். வாய்க்குத் தீனி இருந்தால் மாடு நின்றுகொண்டிருக்கும். சுத்தமான தரையும் கறந்தபின் போடுகிற தட்டும் சேர்ந்தால் மடிநோய்க்கு முக்கால்வாசி வழி அடைபட்டது.

பால் என்னவோ வேளைக்கு லிட்டர் கணக்கில் ஒன்று, ஒன்றரை. கன்றுக்குப் போக மிச்சம் வீட்டுக்குச் சரியாக இருக்கும். சொசைட்டிக்கு ஊற்றுகிறவர்கள் கலப்பின மாடு வைத்திருக்கிறார்கள், அவர்கள் கணக்கு வேறு. இந்த மாட்டை நாங்கள் வைத்திருப்பது வறட்சியில் காய்ந்த தட்டைத் தின்றுவிட்டு நிற்கிற அதன் தெம்புக்காக, உழவுக்காக, எருவுக்காக. செவலை நிறத்தில் பிறக்கிற கன்று ஆறு மாதம் ஆகும்போது மெல்ல மெல்லச் சாம்பல் நிறத்துக்கு மாறுவதைத் தினமும் பார்த்துக்கொண்டிருப்பதில் எனக்கு ஒரு சந்தோசம் உண்டு, அதையும் கணக்கில் சேர்த்துக்கொள்ளுங்கள்.

தீனிக்கு வருகிறேன். கொறங்காடு என்றால் கிளுவை வேலி போட்ட மேய்ச்சல் பூமி. உள்ளே கொழுக்கட்டைப்புல், நடுநடுவே வெள்வேல மரம். மழைக்கு முன் கிளுவைப் போத்து வெட்டி நட்டு இரண்டு மூன்று வருசம் ஆகிவிட்டால், வேலி உயிரோடு நிற்கும். படலைச் சாத்திவிட்டால் மேய்க்க ஆள் வேண்டாம். மாடு மேய்ந்த பிறகு ஆட்டை விடுவோம். ஆடு அடிப்புல்லைக் கடிக்கும், கோடையில் உதிர்கிற வெள்வேலங்காயைப் பொறுக்கும். அங்கே விழுகிற சாணி அந்தப் புல்லுக்கே போகட்டும் என்று விட்டுவிடுகிறோம்.

கொறங்காடு காய்ந்துபோகிற மாதங்களுக்குச் சோளத்தட்டு. பச்சைச் சோளத்தில் எச்சரிக்கை வேண்டும். பூட்டை வாங்காத இளம் பயிரிலும், மழையில்லாமல் வாடின பயிரிலும், அறுத்த தாளில் துளிர்த்த குருத்திலும் சயனைடு விஷம் இருக்கும். மாடு வேலியைத் தாண்டிப் போய் ஒரு வயிறு மேய்ந்தால் போதும், வைத்தியரைக் கூப்பிட நேரம் இருக்காது. பூத்து முற்றிய பிறகு அறுத்து, வெயிலில் காயவைத்துப் போர் போட்டால் பயமில்லை. போருக்கு அடியில் கல் அடுக்கி அதன்மேல் பனஞ்சாத்து போட வேண்டும், இல்லாவிட்டால் கரையான் கீழிருந்து ஏறும். முழுசாகக் காயாத தட்டைப் போரில் ஏற்றினால் உள்ளே வெந்து பூசணம் பிடிக்கும். அந்தத் தட்டை மாடு முகர்ந்து பார்த்துவிட்டு விலகிக்கொள்ளும்.

இனி எருக்குழி. எனக்கு மிகவும் பிடித்த இடம் அதுதான், சொல்ல வெட்கமில்லை. வேளாண்மைப் பல்கலைக்கழகத்தார் சொல்கிற அளவு ஆறேழு மீட்டர் நீளம், ஒன்றரை இரண்டு மீட்டர் அகலம், ஒரு மீட்டர் ஆழம். எங்களுடையதும் ஏறக்குறைய அதே அளவுதான். வேப்பமர நிழலில், கிணற்றுக்குத் தாழ்வான பக்கம், நன்றாகத் தள்ளி வெட்டியிருக்கிறோம். ஊறி இறங்குகிற சத்து குடிதண்ணீரில் நைட்ரேட்டாகக் கலந்துவிடக் கூடாது. குழி முழுவதும் ஒரேயடியாகப் பரப்பிக்கொண்டே போகக் கூடாது. ஒரு முனையில் மூன்றடிக்குத் தொடங்கி, கூளம் ஒரு அடுக்கு, சாணி ஒரு அடுக்கு, அடுப்புச் சாம்பல், வாசல் கூட்டிய குப்பை என்று அந்த இடத்தையே மேலே உயர்த்த வேண்டும். தரைமட்டத்துக்கு மேல் ஒன்றரை அடி உயர்ந்ததும், செம்மண்ணும் சாணியும் கரைத்து மேலே மெழுகி மூடிவிட்டு, அடுத்த மூன்றடிக்குப் போக வேண்டும். மெழுகின இடம் நாலைந்து மாதத்தில் மக்கிவிடும். திறந்து கிடக்கிற குப்பைமேட்டில் வெயில் ஒருபக்கம் தழைச்சத்தை எடுத்துக்கொள்ளும், ஐப்பசி மழை இன்னொரு பக்கம் சாம்பல் சத்தைக் கழுவிக்கொண்டு போகும்.

மக்கிவிட்டதா என்று பார்க்கக் கையை உள்ளே விட வேண்டும். சூடு அடங்கியிருக்க வேண்டும். ஒரு பிடி எடுத்து நெருக்கினால் கையில் ஈரம் ஒட்ட வேண்டும், தண்ணீர் சொட்டக் கூடாது. விரித்தால் பொலபொலவென்று உதிர வேண்டும். தட்டு எது, சாணி எது என்று பிரித்துச் சொல்ல முடியாத கறுப்பு நிறம். சாணி வாடை போய், முதல் மழைக்குக் கிளம்புகிற மண் வாசம் வரும். அந்த வாசத்தைப் பிடித்துவிட்டால் மூக்கு பிறகு ஏமாறாது.

குழியில் வெள்ளையாக, சுருண்டு, கட்டைவிரல் தடிமனில் புழு கிடந்தால் அது பெரும்பாலும் காண்டாமிருக வண்டின் புழு. வளர்ந்து பறந்தால் பக்கத்திலிருக்கிற தென்னங்குருத்தைக் குடையும். மட்டை விரியும்போது கத்தரியால் வெட்டினதுபோல் இருக்கும். தென்னைக்காரர்கள் மரத்தைப் பார்க்கிறார்கள், வண்டு பிறக்கிற எருக்குழியைப் பார்ப்பதில்லை. குழியைக் கிளறும்போது கோழிகளை விட்டால் போதும், ஒரு புழுவை மிச்சம் வைக்காது. மெட்டாரைசியம் என்கிற பச்சைப் பூஞ்சாணத்தையும் குழியில் கலந்துவிடலாம், அது புழுவின் உடம்பில் ஒட்டி வளர்ந்து அதைக் கொல்லும்.

ஆட்டெரு அந்த வருசம், மாட்டெரு மறு வருசம் என்று சொல்வார்கள். ஆட்டுப் புழுக்கையின் சத்து சீக்கிரம் பயிருக்குக் கிடைக்கும், உண்மைதான். ஆனால் எங்கள் பக்கத்து ஆடு சீமைக்கருவேலங்காய் தின்கிறது. விதை செரிக்காமல் முழுசாக வெளியே வரும். பச்சைப் புழுக்கையை வெங்காயக் காட்டில் கொட்டினால், பாத்தி நெடுகிலும் சீமைக்கருவேல் முளைக்கும். ஆட்டுப்பட்டியில் கூட்டியதையும் குழியில் போட்டுச் சூடேற்றி மக்கவிட்டால் பெரும்பாலான விதை செத்துவிடும்.

வைகாசியில் குழியைப் பிரித்து அள்ளுவோம். வண்டியில் ஏற்றிக் காட்டில் குவியல் குவியலாகக் கொட்டிவிட்டு, உழவுக்கு நாள் பார்த்துக்கொண்டு வாரக் கணக்கில் வெயிலில் காயவிடுவதைச் சுற்றிலும் பார்க்கிறேன். நாலைந்து மாதம் மூடிக் காப்பாற்றியதெல்லாம் அந்த வெயிலில் போய்விடும். கொட்டின அன்றே இறைத்து, அன்றே ஓர் உழவு ஓட்டிவிட வேண்டும். உழவுக்கு ஆள் சொல்லிவிட்டுத்தான் நாங்கள் குழியில் மம்முட்டியையே வைப்போம்.

ஏக்கருக்கு 5 டன் தொழு எரு என்பது பரிந்துரை. ஒரு மாடு நாளைக்குப் பத்துக் கிலோ அளவுக்குச் சாணி போடும். மக்கினால் எடை பாதியாக இறங்கும். இரண்டு மாடும் கன்றும் பட்டிக் குப்பையும் சேர்த்து எங்களுக்கு வருசத்தில் ஓர் ஏக்கருக்குத்தான் காணும். அதனால் சுற்றுப் போட்டு, வருசத்துக்கு ஓர் ஏக்கர் என்று கொடுத்து வருகிறோம். எரு விழுந்த காட்டில் கொத்து இறங்குகிற சத்தமே வேறு, தண்ணீர் கட்டினால் ஈரம் நிற்கிற நாளும் கூடுதல்.

நகரத்து வேலையை விட்டுவிட்டு இரண்டு ஏக்கர், மூன்று ஏக்கர் வாங்கிக்கொண்டு வருகிறவர்கள் இப்போது எங்கள் பக்கம் அதிகம். வந்ததும் நாட்டு மாடு எங்கே கிடைக்கும் என்றுதான் கேட்கிறார்கள். மாடு கண்ணபுரத்துத் தேர்த்திருவிழா மாட்டுச் சந்தையில் கிடைக்கும், மற்றச் சந்தையிலும் கிடைக்கும், அவசரமில்லை. மாட்டைப் பிடிக்கும் முன் மர நிழலாகப் பார்த்து, கிணற்றுக்குத் தள்ளி, ஒரு குழியை வெட்டி வையுங்கள். தரைக்குச் செம்மண் அடித்துப் பின்பக்கம் சரிவு விடுங்கள். ஒரு போர் தட்டு வாங்கிக் கல்மேல் ஏற்றுங்கள். அதற்கப்புறம் மாட்டைக் கூட்டி வாருங்கள்.