பாதி வளைவில்

வேகம் என்றதும் எனக்கு முதலில் ரயில்தான் நினைவுக்கு வரும். ஊர் அப்படி. சென்னையிலிருந்து கோவை போகிற வண்டிகள் மொரப்பூரைத் தாண்டித்தான் போயாக வேண்டும். 2023-இல் விட்ட வந்தே பாரத் எங்கள் பிளாட்பாரத்தைத் திரும்பிக்கூடப் பார்ப்பதில்லை. போன வருடம் அதில் போனபோது ஊர் வரும் நேரம் பார்த்து ஜன்னலோரம் நிமிர்ந்து உட்கார்ந்தேன். பக்கத்து சீட்டுக்காரர் வாயைத் திறந்து தூங்கிக்கொண்டிருந்தார். அவருக்கு முன்னால் இருந்த டீ ததும்பக்கூட இல்லை. நூறு கிலோமீட்டருக்கு மேல் போகிற வண்டி, உள்ளே வீட்டு ஹால்.

தாத்தா சொன்ன ரயில் வேறு. 1906-இலிருந்து 1941 வரை மொரப்பூருக்கும் தர்மபுரிக்கும் இடையே இரண்டரை அடி அகலப் பாதையில் ஒரு சின்ன ரயில் ஓடியது. அதைத் திரும்பப் போட 2019-இல்தான் அடிக்கல் நாட்டினார்கள். தாத்தாவுக்கு அதில் ஏறினால் பறக்கிற மாதிரி இருக்குமாம். என்ன பெரிய வேகம் இருந்திருக்கப் போகிறது! ஆனால் பெட்டி தாழ்வு, தரை பக்கத்தில், புதர் முகத்தில் உரசுகிற மாதிரி வரும், சக்கரத்தின் சத்தம் முதுகெலும்பில் ஏறும். அவர் பறந்தார் என்றுதான் நான் இன்றும் நம்புகிறேன்.

அந்தப் பறத்தலை நான் புரிந்துகொண்டது மாமாவின் ஹெரால்டு காரில். மாமா புளி வியாபாரி. மண்டி முழுக்க மூட்டையாக இருந்தாலும் ஒரு மூட்டையைக்கூட அந்தக் காரில் ஏற்றியதில்லை. அதற்கு மாட்டுவண்டி இருந்தது. ஸ்டாண்டர்ட் ஹெரால்டு, சென்னைக்குப் பக்கத்தில் வண்டலூரில் செய்த வண்டி. 1961-இலிருந்து வந்துகொண்டிருந்தது. 948 சி.சி. இன்ஜின், இன்றைய சின்னக் கார்கள்கூட அதை முந்திவிடும். பானெட் மட்டும் எங்கும் இல்லாத மாதிரி. முன்சக்கரத்தின் மேல்மூடிகளோடு சேர்ந்து மொத்தமாக முன்பக்கம் கவிழும். மெக்கானிக் டயர்மேல் உட்கார்ந்துகொண்டே கார்புரேட்டரைக் கழற்றுவார். முன்சக்கரங்கள் நம்ப முடியாத அளவுக்குத் திரும்பும். 25 அடி வட்டத்துக்குள் வண்டி முழுதாகச் சுற்றிவிடும். சந்தை நாளில் மற்றவர்கள் முன்னும் பின்னும் எடுத்துத் தவிக்கிற இடத்தில் மாமா ஒரே சுற்றில் திருப்பிக்கொண்டு போவார், வேண்டுமென்றே.

அந்த உடலை வரைந்தவர் இத்தாலியின் டூரின் நகரத்துக்காரர், ஜியோவன்னி மிக்கலோட்டி. இங்கிலாந்தில் டிரயம்ஃப் கம்பெனி அதை 1959-இல் வெளியிட்டது. அதே சேசிஸைக் குட்டையாக்கி, அதே மிக்கலோட்டியை வைத்து 1962-இல் இரண்டு பேர் உட்காரும் ஸ்பிட்ஃபயர் என்ற ஸ்போர்ட்ஸ் காரைச் செய்தார்கள். அதாவது, புளி மண்டி வாசலில் நின்ற வண்டி ஒரு ஸ்போர்ட்ஸ் காருக்கு உடன்பிறப்பு. மாமாவுக்கு இது தெரியாது. தெரிந்திருந்தால் ஊரே தாங்கியிருக்காது.

தெரியாமலேயே ஒன்று தெரிந்திருந்தவர் அந்த மெக்கானிக். நான் ஓட்டக் கற்றுக்கொண்டபோது, அரூர் ரோட்டில் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டு அவர் சொன்னது ஒன்றே ஒன்றுதான்: “தம்பி, வளைவுல பாதியில காலை எடுக்காத. எடுக்கறதா இருந்தா முன்னாடியே எடு. உள்ள பூந்துட்டா மெதுவா மிதிச்சுக்கிட்டே வெளிய வா.”

காரணம் பின்பக்கத்தில். அம்பாசடருக்குப் பின்சக்கரங்கள் இரண்டும் ஒரே இரும்புக் குழாயில் கோத்தவை. ஹெரால்டுக்கு ஒவ்வொன்றும் தனியாக, நடுவில் கீல் வைத்ததுபோல் மேலும் கீழும் ஆடும். வளைவில் சட்டென்று ஆக்ஸிலரேட்டரை விட்டால் பாரம் முன்னால் சாயும், பின்பக்கம் எழும்பும். எழும்பினால் வெளிப்பக்கச் சக்கரம் உள்வாக்கில் மடியும், டயரின் பிடி போகும், வால் வீசும். நம் ஊர்க்காரர்களுக்கு இந்த ஆக்சில் ஒத்துவரவில்லை. பின்னால் வந்த கெஸல் காரில் அதை எடுத்துவிட்டுச் சாதாரண ஆக்சிலையே போட்டார்கள். சரியான முடிவுதான், குடும்பத்தோடு போகிறவர்களுக்கு.

எனக்கு அந்த ஆக்சில்தான் வாத்தியார். சேலத்திலிருந்து ஏற்காடு ஏறும் 20 கொண்டை ஊசி வளைவுகளில் ஸ்டியரிங் மெல்லக் கனப்பதையும், சீட்டுக்குக் கீழே பின்பக்கம் யோசிப்பதையும் உணர்ந்தபடி, செகண்ட் கியரில் மிதித்து ஏறும்போது வேகமுள் நாற்பதைத் தாண்டியிருக்காது. உள்ளங்கை வேர்த்திருக்கும். பக்கத்தில் மாமா பாட்டு முணுமுணுப்பார். அவருக்கு அது வெறும் மலை ரோடு.

கோவையில் கரிவர்தன் என்ற மனிதர் வண்டியை இப்படி உணர்ந்து ஓட்டுவதைப் பணமில்லாதவர்களுக்கும் எட்டுகிற மாதிரி செய்ய நினைத்தார். 1988 வாக்கில் மாருதி 800-இன் 796 சி.சி. இன்ஜினை ஓட்டுபவருக்குப் பின்னால் வைத்து, ஒற்றை ஆள் ரேஸ் வண்டி செய்தார். ஃபார்முலா மாருதி. நாம் காய்கறி வாங்கப் போன அதே இன்ஜின். எடையைக் குறைத்து, ஆளைத் தரையோடு உட்கார வைத்ததும் அது வேறு மிருகமாகிவிட்டது. 2005-இல் ஜோர்டன் அணியில் ஃபார்முலா ஒன் வரை போன நரேன் கார்த்திகேயனுக்கும் ஆரம்பப் பாடம் அந்த வகை வண்டியில்தான். கரிவர்தன் 1995-இல் விமான விபத்தில் போய்விட்டார். செட்டிபாளையத்து ரேஸ் டிராக்குக்கு அவர் பெயர். தொப்பூர்க் கணவாயில் லாரிகளுக்கு நடுவே வித்தை காட்டுகிற பையன்களைப் பார்க்கும்போதெல்லாம் அங்கே அனுப்பிவைக்கத் தோன்றும்.

அக்கா மகன் மெல்போர்னில் மஸ்தா எம்எக்ஸ்-5 வைத்திருக்கிறான். மஸ்தா என்றால் நமக்கு ஸ்வராஜ் மஸ்தா வேன்தான். 1989-இல் பழைய ஆங்கிலேய ஸ்போர்ட்ஸ் கார்களை மனதில் வைத்து ஜப்பான்காரர்கள் செய்தது இந்த எம்எக்ஸ்-5. முதல் மாடல் ஆயிரம் கிலோகூட இல்லை, 2016-இல் பத்து லட்சமாவது வண்டி வெளிவந்தது. கூரையை மடித்துவிட்டு என்னிடம் சாவியைக் கொடுத்தான். கியர் குச்சி மணிக்கட்டு அசைவில் விழுகிறது. எதிரே வளைவு. உள்ளே நுழைந்ததும் என் வலது கால் தானாகவே மெதுவாக மிதித்துக்கொண்டு வெளியே வந்தது. “யாரு மாமா சொல்லிக்குடுத்தாங்க?” என்றான். மொரப்பூர் மெக்கானிக் என்றால் எப்படி நம்புவான்?

போர்ஷே 911-க்கும் ஹெரால்டின் குணம்தான். 1963-இல் காட்டிய நாளிலிருந்து இன்ஜினைப் பின் ஆக்சிலுக்கும் பின்னால் தொங்கவிட்டிருக்கிறார்கள். பழைய வண்டிகளில் பாதி வளைவில் காலை எடுத்தால் வால் முந்திக்கொள்ளும். இடத்தை மாற்றாமல் அறுபது வருடமாக அதையே பழக்கி வருகிறார்கள், ஆட்களும் வரிசையில் நிற்கிறார்கள். 2013-இல் அதன் ஜிடி3 மாடலில் கிளட்ச் மிதிக்கிற கியரையே எடுத்துவிட்டார்கள். புதிய கியர் மனிதனைவிட வேகமாக மாற்றும். வாங்குகிறவர்கள் விடவில்லை, 2017-இல் திரும்பக் கொண்டுவர வேண்டியதாயிற்று. மெதுவான கியருக்காக அடம்பிடித்தவர்கள்! டிராக்கில் நேரத்தைக் குறைக்க நினைப்பவன் இப்படிக் கேட்க மாட்டான். இன்று மின்சாரக் கார்கள் கண்ணிமைப்பதற்குள் நூறைத் தொடுகின்றன. பக்கத்து வீட்டுப் பையன் ஒருநாள் தொட்டுக் காட்டினான். தலை சீட்டில் மோதியது, அவ்வளவுதான். அதற்கப்புறம் செய்ய எதுவும் இல்லை.

போன மாதம் அக்கா மகனுக்குக் குழந்தை பிறந்தது. இரண்டே சீட் வண்டி இனி ஆகாது, விற்கிறேன் என்றான். நல்ல பிள்ளை என்று நினைத்தேன். பிறகு குரலைத் தாழ்த்தி, “911-ல பின்னாடி ரெண்டு சின்ன சீட் இருக்கு மாமா, பழசு ஒண்ணு பார்த்து வெச்சிருக்கேன், அம்மாகிட்ட நீங்கதான் பேசணும்” என்றான். அக்காவிடம் இன்னும் பேசவில்லை. ஆனால் அது எந்த வருட மாடல், கியர் எது என்று கேட்டு வாங்கி வைத்திருக்கிறேன்.