புரட்டாசியில் மீன் வாசனை

"ஏங்கண்ணு, புரட்டாசில எவ வூட்ல மீன் வறுக்கறாங்க?" என்று அம்மா கேட்டபோது நான் கையில் மல்டிமீட்டரோடு மாடிப்படி ஏறிக்கொண்டிருந்தேன். "பக்கத்து வூட்ல இருக்கும்மா" என்று சொல்லிவிட்டு நிற்காமல் மேலே போய்விட்டேன்.

இது நடந்தது 2021இல், குமாரபாளையத்தில், எங்கள் வீட்டில். மேலே தகரக் கூரை போட்ட அறையில் தம்பியின் மைனிங் ரிக் ஓடிக்கொண்டிருந்தது. இரும்புச் சட்டத்தில் வரிசையாக ஆறு கிராபிக்ஸ் கார்டுகள், கீழே ஒரு மதர்போர்டு, பக்கத்தில் '2000 வாட்' என்று ஸ்டிக்கர் ஒட்டிய பவர் சப்ளை. எத்தீரியம் என்ற கிரிப்டோ நாணயத்துக்காக அந்தக் கார்டுகள் இரவும் பகலும் கணக்குப் போடும். போட்ட கணக்குக்குக் கூலியாக அந்த நாணயத்தில் சிறு துளிகள் வந்து சேரும். கார்டுகள் வாங்கத் தம்பியின் சேமிப்பு போதவில்லை. அம்மாவின் நாலு பவுன் சங்கிலி அடகுக் கடைக்குப் போனது. எனக்குச் சொல்லவில்லை. கழுத்தைப் பார்த்துத்தான் தெரிந்துகொண்டேன்.

ரிக் தினமும் சாயங்காலம் ஏழு மணிவாக்கில் நின்றுவிடும். ஒரு நிமிடத்தில் தானே மறுபடி எழும், பத்து நிமிடம் ஓடும், மறுபடி நிற்கும். ஒன்பதரைக்கு மேல் சரியாகிவிடும். தம்பியும் அவன் நண்பர்களும் ஒரு மாதமாக மருத்துவம் பார்த்திருந்தார்கள். ஆபரேட்டிங் சிஸ்டத்தை மாற்றினார்கள், கார்டுகளின் வேகத்தைக் குறைத்தார்கள், ஒரு கார்டைக் கழற்றி இன்னொன்றை மாட்டினார்கள். எல்லாரும் திரையைப் பார்த்தார்களே தவிர, திரைக்குக் கரண்ட் எங்கிருந்து வருகிறது என்று பார்க்கவில்லை. ஒரு எலெக்ட்ரீஷியனும் வந்து போயிருந்தார். சாக்கெட்டில் டெஸ்டரை வைத்துப் பார்த்துவிட்டு, "கரண்டு நல்லா வருதுங்க தம்பி" என்றாராம். டெஸ்டர் விளக்கு 150 வோல்ட்டிலும் எரியும், 230லும் எரியும். அது கரண்ட் இருக்கிறதா என்று சொல்லும், போதுமான அளவு இருக்கிறதா என்று சொல்லாது.

நான் எலெக்ட்ரானிக்ஸ் டிப்ளமோ படித்தவள். கோவையில் யுபிஎஸ், ஸ்டெபிலைசர் செய்யும் ஒரு நிறுவனத்தில் ஏழு வருடம் டெஸ்டிங் பெஞ்சில் வேலை பார்த்தேன். அங்கே பெண்கள் பெஞ்சோடு சரி. வாடிக்கையாளர் இடத்துக்குப் போய்ப் பழுது பார்க்கும் ஃபீல்டு வேலைக்கு அனுப்ப மாட்டார்கள். கேட்டால் பாதுகாப்பு என்பார்கள். பயணப்படி, இன்சென்டிவ், பதவி உயர்வு எல்லாம் அந்த ஃபீல்டு வேலையில்தான் இருந்தன. அப்போது என் கோபமெல்லாம் பணத்தைப் பற்றித்தான். அதைவிடப் பெரிய நஷ்டம் ஒன்று இருந்தது எனக்குப் பிறகுதான் புரிந்தது. பெஞ்சில் 230 வோல்ட் வேண்டுமென்றால் வேரியாக்கைத் திருப்பினால் போதும். பழைய வீட்டுச் சுவருக்குள் ஓடும் கம்பி என்னவெல்லாம் செய்யும் என்று ஏழு வருடப் பெஞ்சு எனக்குக் கற்றுத்தரவில்லை.

தம்பி முதலில் என்னைக் கூப்பிடவில்லை. "அக்கா, உனக்கு யுபிஎஸ் தெரியும், இது வேற சமாச்சாரம்" என்றான். நண்பர்கள் எல்லாம் கைவிட்ட பிறகுதான் போன் வந்தது.

இது வேற சமாச்சாரம் இல்லை. வீட்டுக்கு வரும் மின்சாரத்தை 12 வோல்ட்டாக மாற்றிக் கொடுக்கிற ஒரு பெட்டி, அதிலிருந்து கம்பிகள், கம்பி முனையில் கனெக்டர்கள். அவ்வளவுதான். இந்த 12 வோல்ட் ஐந்து சதவீதம் ஏறலாம், இறங்கலாம். 11.4க்குக் கீழே போனால் கார்டு தடுமாறும். இதில் செய்யக் கூடாத தவறு, சுமை இல்லாதபோது அளப்பது. தம்பியின் நண்பன் ஒருவன் பவர் சப்ளையைத் தனியே கழற்றி, பச்சைக் கம்பியையும் கறுப்புக் கம்பியையும் ஒரு பேப்பர் கிளிப்பால் இணைத்து ஓடவிட்டு, 12.1 காட்டுகிறது, சப்ளை நல்லா இருக்கிறது என்று தீர்ப்புச் சொல்லியிருந்தான். வேலை கொடுக்காமல் சோதித்தால் எல்லாப் பெட்டியும் நல்ல பெட்டிதான்.

ஆறு கார்டும் முழு வேகத்தில் ஓடும்போது ஒவ்வொரு கனெக்டரின் பின்பக்கமாக மீட்டரின் முனையைச் செருகி அளந்தேன். ஐந்து இடத்தில் சரியாக இருந்தது. ஆறாவதில் 11.2. கார்டையும் மதர்போர்டையும் இணைக்கிற ரைசர் என்ற சின்னப் பலகைக்கு, ஹார்டு டிஸ்குக்கான சாட்டா கம்பியிலிருந்து அடாப்டர் போட்டு மின்சாரம் எடுத்திருந்தார்கள். சாட்டா கனெக்டரின் 12 வோல்ட் முனைகள் 4.5 ஆம்பியர், அதாவது 54 வாட் வரைதான் தாங்கும். கார்டோ அந்த வழியாக 75 வாட் வரை இழுக்கலாம். கனெக்டரைக் கழற்றிப் பார்த்தால் வெள்ளைப் பிளாஸ்டிக் டீ நிறத்துக்கு மாறி, ஒரு முனை உருகி உள்ளே சரிந்திருந்தது. மைனிங் ரிக்குகளில் தீப்பிடிக்கிற இடங்களில் இது மிகப் பழகிய ஒன்று. ரைசர்கள் எல்லாவற்றுக்கும் ஆறு முனைக் கம்பியை நேராக சப்ளையிலிருந்து கொண்டுவந்தேன்.

தம்பி வியந்துபோனான். நண்பர்களுக்குப் படம் எடுத்து அனுப்பினான். நானும் கொஞ்சம் மிதப்பில்தான் இருந்தேன், மறைக்க ஒன்றும் இல்லை. அந்த மிதப்போடுதான் படியிறங்கும்போது அம்மா இரண்டாவது முறை கேட்டார். "இன்னும் அந்த வாசம் வருது பாரு. தறி மோட்டாரும் சாயங்காலமானா முக்குது." அம்மா இருபத்திரண்டு வருடம் விசைத்தறி ஓட்டியவர். பக்கத்துக் கொட்டகைத் தறியின் சத்தத்தை வைத்தே எந்தத் தறியில் நாடா சிக்கியிருக்கிறது என்று சொல்வார். "சரிம்மா, பார்க்கறேன்" என்றேன். பார்க்கவில்லை. ஏழு மணிக்கு முன்பே கோவை பஸ் ஏறிவிட்டேன்.

இரண்டு வாரம் கழித்து, இரவு எட்டு மணிக்கு அம்மா போன் செய்தார். "மெயினை எறக்கிப்புட்டேன் கண்ணு. உன்ற தம்பி குதிக்கறான். நீ வர்ற வரைக்கும் ஏத்த மாட்டேன்." பின்னால் தம்பியின் குரல் கேட்டது. ஒரு ராத்திரி நின்றால் எவ்வளவு போகும் தெரியுமா என்று கத்திக்கொண்டிருந்தான். வீடு முழுக்க இருட்டு. அம்மா மெயின் பெட்டிக்குப் பக்கத்தில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தாராம். இருபத்தைந்து வயது மகனுக்கும் மெயின் சுவிட்சுக்கும் நடுவே ஒரு இரவு முழுக்க.

மறுநாள் லீவு சொல்லிவிட்டுப் போனேன். சாயங்காலம் ஏழு வரைக்கும் காத்திருந்து, அம்மாவை மெயின் பக்கத்திலேயே நிற்கச் சொல்லிவிட்டு, ஐந்தே நிமிடம் ரிக்கை ஓடவிட்டேன். இந்த முறை 12 வோல்ட் பக்கம் போகவே இல்லை. ரிக் செருகியிருந்த சாக்கெட்டில் அளந்தேன்: ஓடாதபோது 205 வோல்ட், ஓடும்போது 178. ஓடும் அதே நேரத்தில் கீழே கூடத்துச் சாக்கெட்டில் 200. ஒரே வீட்டில், ஒரே நேரத்தில், கீழுக்கும் மேலுக்கும் நடுவே 22 வோல்ட் காணாமல் போயிருந்தது.

அது எங்கும் போகவில்லை. சுவருக்குள் சூடாக மாறிக்கொண்டிருந்தது. 900 வாட் ரிக் 178 வோல்ட்டில் 5 ஆம்பியர் இழுக்கும். 22ஐ 5ஆல் பெருக்கினால் 110 வாட். நாலு சால்டரிங் அயனைச் சூடாக்கிச் சுவருக்குள் செருகி வைத்தது போல. போதாததற்கு, இந்த வகைப் பவர் சப்ளைக்கு ஒரு குணம் உண்டு. குண்டு பல்பு வோல்ட்டேஜ் குறைந்தால் மங்கிவிடும், இழுப்பதும் குறையும். இது மங்காது. வோல்ட்டேஜ் குறையக் குறைய, வெளியே அதே வேலையைக் கொடுக்க, உள்ளே இன்னும் அதிக கரண்ட்டை இழுக்கும். அதிக கரண்ட்டில் கம்பி இணைப்பு இன்னும் சூடாகும், இன்னும் தளரும், வோல்ட்டேஜ் இன்னும் குறையும். (இதை வீட்டுப் பெண்களோடு ஒப்பிட்டு ஒரு பத்தி எழுத ஆசையாகத்தான் இருக்கிறது. வேண்டாம்.) ஓர் அளவுக்குக் கீழே போனால் சப்ளை தன்னைக் காத்துக்கொள்ள நின்றுவிடும். நின்றதும் இழுப்பு இல்லாததால் வோல்ட்டேஜ் 205க்கு ஏறும். யாராவது அளக்க வரும்போது எல்லாம் ஒழுங்காக இருக்கும்.

எந்த இடம் என்றுதான் தெரியவில்லை. சுவர் முழுக்க உடைக்க முடியாது. மெயினை இறக்கச் சொல்லிவிட்டு டார்ச் கேட்டேன். அம்மா டார்ச்சைக் கொண்டுவந்து என்னிடம் கொடுக்காமல், மாடிப்படியின் ஐந்தாவது படியில் நின்று, தோள் உயரத்தில் சுவரில் உள்ளங்கையை வைத்தார். "இங்கதான். காச்சக்காரப் புள்ள நெத்தியாட்டம் இருக்குது பாரு." நானும் கை வைத்தேன். வெதுவெதுவென்று இருந்தது.

சுண்ணாம்பு பூசி மறைந்துபோன ஒரு ஜங்ஷன் பெட்டி அங்கே இருந்தது. கீழ் வீட்டின் பழைய ஒயரிங் அலுமினியக் கம்பி. பிற்பாடு மாடி அறை கட்டியபோது செம்புக் கம்பி இழுத்து, இரண்டையும் அங்கே வெறுமனே முறுக்கி, டேப் சுற்றி விட்டிருந்தார்கள். அலுமினியமும் செம்பும் இப்படிச் சேர்ந்தால் நாளாக நாளாக அலுமினியத்தின் மேல் ஆக்சைடு படிந்து முறுக்குத் தளரும். ஒரு ஃபேன், ஒரு லைட் என்றிருந்த வரை அது பேசாமல் இருந்தது. பெட்டியைத் திறந்தபோது டேப் கரியாக உதிர்ந்தது. ஒயரின் உறை அரையடி தூரத்துக்கு வெந்திருந்தது. அப்போது அந்த வாசனை என் முகத்தில் அடித்தது. மீன் வாசனையேதான். சூடேறிய ஒயர் உறையும், சுவிட்சு, சாக்கெட்டின் பிளாஸ்டிக்கும் கருகும் முன் சில சமயம் அப்படித்தான் மணக்கும். பெஞ்சில் யாரும் எனக்கு இதைச் சொன்னதில்லை. ஐப்பசி பிறந்திருந்தால் அம்மாவேகூட அதைப் பொருட்படுத்தியிருக்க மாட்டார் என்று நினைத்தால் இப்போதும் வயிற்றைப் பிசைகிறது. அந்தப் படிக்குக் கீழேதான் அம்மா பாய் விரித்துப் படுப்பார்.

தம்பி என்னை ஒதுக்கியதை நான் எத்தனையோ பேரிடம் சொல்லியிருக்கிறேன். எலெக்ட்ரீஷியன் தம்பியிடம் மட்டும் பேசியதையும், கம்பெனி என்னைப் பெஞ்சில் உட்கார வைத்ததையும் கூட்டங்களில் பேசியிருக்கிறேன். என் அம்மா வாசனை, சத்தம், சூடு மூன்றையும் சரியாகச் சொல்லியும் நான் மீட்டரை எடுத்துக்கொண்டு மேலே போனதை இப்போதுதான் முதல்முறை எழுதுகிறேன்.

மீட்டரிலிருந்து நேராக 2.5 சதுர மில்லிமீட்டர் செம்புக் கம்பி, அதற்குத் தனி எம்சிபி, மேலே 16 ஆம்பியர் சாக்கெட். இரண்டு நாள் வேலை. ரிக் அதற்குப் பிறகு சாயங்காலத்தில் நிற்கவில்லை. இரண்டு மாத பில்லில் அதன் பங்கு மட்டும் கிட்டத்தட்ட 1300 யூனிட். கரண்ட் அட்டை அம்மா பெயரில் இருந்ததால் பில்லும் அம்மாவுக்கே வந்தது. 2022 பட்ஜெட்டில் கிரிப்டோ லாபத்துக்கு 30 சதவீத வரி போட்டார்கள். அதே வருடம் செப்டம்பர் 15ஆம் தேதி எத்தீரியம் தன் முறையையே மாற்றிக்கொண்டு, கார்டு வைத்து மைனிங் செய்வதை ஒரேயடியாக நிறுத்தியது. ஊரெல்லாம் ஒரே நாளில் கார்டுகளை விற்க வந்தார்கள். தம்பியும் வந்த விலைக்குக் கொடுத்தான். சங்கிலி மீண்டு வர மேலும் பதினான்கு மாதம் ஆனது. வட்டி கட்டியது யார் என்று தனியே எழுத வேண்டியதில்லை.

நான் இப்போது சொந்தமாகப் பழுது பார்க்கும் வேலை செய்கிறேன், வீடுகளுக்கே போகிறேன். யாராவது ஆண் போன் செய்து இன்வெர்ட்டர் அடிக்கடி டிரிப் ஆகிறது என்றால், பகலில் வீட்டில் யார் இருப்பார்கள், அவர்களிடம் போனைக் கொடுங்கள் என்பேன். சிலர் தயங்குவார்கள். "அவங்களுக்கு ஒண்ணும் தெரியாதுங்களே" என்பார்கள். போன் கைமாறும் வரை காத்திருப்பேன்.

தகர அறையில் இப்போது ஒன்றும் இல்லை. அந்த 16 ஆம்பியர் சாக்கெட்டில் அம்மா வெட் கிரைண்டரைச் செருகியிருக்கிறார். மாவு அரைக்க மாடி ஏற வேண்டுமா என்று கேட்டேன். "அந்த ஒரு லைனுதான் எனக்கு நம்பிக்கையா இருக்குது" என்றார்.