தங்கம், பஞ்சு, வெடிமருந்து

போர்க்களத்திலிருந்து வெகு தொலைவில் இருந்தும் 1944இல் போரின் முழு அடியையும் வாங்கியது பம்பாய்த் துறைமுகம்

தெற்கு மும்பையின் பி. டிமெல்லோ சாலையில் போகிறவர்களுக்குக் கடல் கண்ணில் படாது. கிழக்குப் பக்கம் நெடுக ஓடும் துறைமுகச் சுவர் அதை மறைத்துவிடுகிறது. சுவருக்கு இந்தப் பக்கம் லாரிகள், டீக்கடைகள், மஸ்ஜித் பந்தர் மொத்த வியாபாரிகளின் கிடங்குகள். அந்தப் பக்கம் அனுமதி இல்லாமல் நுழைய முடியாது. இந்தியாவின் மிகப் பெரிய துறைமுக விபத்து நடந்த விக்டோரியா டாக் அங்கேதான் இருந்தது.

பம்பாய்க்குப் பணம் கொட்டியதே ஒரு போரால்தான். 1861இல் அமெரிக்க உள்நாட்டுப் போர் தொடங்கியதும் தென் மாநிலத் துறைமுகங்களை வடக்கின் கடற்படை முற்றுகையிட்டது. பஞ்சு கிடைக்காமல் தவித்த இங்கிலாந்தின் ஆலைகள் இந்தியா பக்கம் திரும்பின. பம்பாய் வியாபாரிகள் லட்சாதிபதிகள் ஆனார்கள். 1865இல் போர் முடிந்தது. விலை சரிந்து பலர் திவாலானார்கள். ஆனால் துறைமுகத்தின் வளர்ச்சி நிற்கவில்லை. 1869இல் சூயஸ் கால்வாய் திறந்தது. 1880இல் பிரின்சஸ் டாக், அடுத்து விக்டோரியா டாக், 1914இல் அலெக்சாண்ட்ரா டாக் (இன்று இந்திரா டாக்) என்று வரிசையாக வந்தன.

இரண்டாம் உலகப் போரில் சுமை இன்னும் கூடியது. 1942 ஏப்ரலில் ஜப்பானியக் கடற்படை கொழும்பு, திரிகோணமலை, விசாகப்பட்டினம், காக்கிநாடா ஆகிய இடங்களைத் தாக்கியது. வங்காள விரிகுடாவில் கப்பல் ஓட்டுவது ஆபத்தாகிவிட, கிழக்குக் கரையின் சரக்கில் பெரும்பகுதி பம்பாய்க்கும் கராச்சிக்கும் திரும்பியது. பர்மா எல்லையில் போரிடும் படைக்கு வேண்டிய குண்டும் பெட்ரோலும் மேற்குக் கரையில் இறங்கி, ரயிலில் நாட்டின் குறுக்கே போக வேண்டியிருந்தது. 1944 ஏப்ரலில் இம்பாலிலும் கொஹிமாவிலும் சண்டை உச்சத்தில் இருந்தது. பம்பாயில் ஒரு கப்பல் ஒரு நாள் கூடுதலாக நின்றாலும் அடுத்த கப்பலுக்கு இடம் இல்லை.

இந்த நெரிசலில்தான் ஏப்ரல் 12ஆம் தேதி 'ஃபோர்ட் ஸ்டிகைன்' வந்து சேர்ந்தது. 7,142 டன் கப்பல். பிப்ரவரி 24இல் இங்கிலாந்தின் பிர்க்கன்ஹெட்டிலிருந்து புறப்பட்டது. சுமார் 1,400 டன் வெடிபொருள்கள், போர் விமானங்கள், 124 தங்கக் கட்டிகள் அதில் ஏற்றப்பட்டிருந்தன. கராச்சியில் கொஞ்சம் சரக்கு இறங்கியது. போர்க்காலத்தில் கப்பலைக் காலி இடத்தோடு அனுப்ப யாருக்கு மனம் வரும்? 8,700 பஞ்சுப் பொதிகளையும் எண்ணெய்ப் பீப்பாய்களையும் ஏற்றினார்கள். பஞ்சின் மேலேயே வெடிபொருள்கள் இருந்தன.

சமாதான காலத்தில் வெடிமருந்துக் கப்பலைத் துறைமுகத்துக்குள் விடமாட்டார்கள். வெளியே நங்கூரமிட்டு, தோணிகளில் சரக்கை இறக்குவார்கள். அவசரம் அந்த விதியைத் தளர்த்தியிருந்தது. ஆபத்தான சரக்கு இருப்பதைக் காட்டும் சிவப்புக் கொடியும் பறக்கவில்லை. வெடிபொருளை இறக்க வேண்டிய தோணிகள் வரத் தாமதமானது. இரண்டு நாள் ஆகியும் பெரும்பகுதி வெடிபொருள் கப்பலிலேயே கிடந்தது.

14ஆம் தேதி பிற்பகல் 2 மணியளவில் பஞ்சிலிருந்து புகை வந்தது. தீயணைப்பு வீரர்கள் 900 டன்னுக்கு மேல் தண்ணீர் அடித்தும் தீ அடங்கவில்லை. கப்பலைச் சுற்றித் தண்ணீர் கொதித்தது. 3.50க்குக் கப்பலைவிட்டு வெளியேற உத்தரவு வந்தது. 4.06க்கு முதல் வெடிப்பு, 4.34க்கு இரண்டாவது. சுமார் 1,700 கி.மீ. தள்ளி சிம்லாவில் இருந்த நிலநடுக்கக் கருவியிலும் அது பதிவானது. 'ஜலபத்மா' என்ற கப்பலின் பின்பகுதியை அலை தூக்கிக் கரையில் இருந்த கொட்டகையின் மேல் போட்டது. எரியும் பஞ்சு கூரைகள் மேல் விழுந்து, சேரிகள் பற்றிக்கொண்டன. கிடங்குகளில் இருந்த தானியம் நாசமானது. முந்தைய ஆண்டுதான் வங்காளம் பஞ்சத்தில் லட்சக்கணக்கான உயிர்களை இழந்திருந்தது.

இறந்தவர்கள் 800 பேர் என்றும் 1,300 பேர் என்றும் கணக்குகள் மாறுபடுகின்றன. இத்தனை வேறுபாட்டுக்குக் காரணம் இருக்கிறது. டாக்கில் அன்றாடக் கூலிக்கு மூட்டை சுமந்தவர்களுக்கு முழுமையான பதிவேடு ஏது? தீயணைப்புப் படையில் மட்டும் 66 பேர் இறந்தார்கள். சுமார் 80,000 பேர் வீடிழந்தார்கள். பதின்மூன்று கப்பல்கள் போயின. நகரமே அதிர்ந்த செய்தியைத் தணிக்கை அமுக்கியது. அடுத்த நாளே அதை உலகத்துக்குச் சொன்னது ஜப்பானியர் கையிலிருந்த சைகோன் வானொலி. இந்தியாவிலிருந்த நிருபர்கள் தகவல் அனுப்ப மே இரண்டாவது வாரம் வரை காத்திருக்க வேண்டியிருந்தது.

நாசவேலை என்ற சந்தேகம் பரவலாக இருந்தது. விசாரணைக் குழு காட்டிய தவறுகளோ சாதாரணமானவை: பஞ்சை வெடிபொருளுக்குக் கீழே வைத்தது, கொடி ஏற்றாதது, இறக்கத் தாமதித்தது, தீயணைப்புப் படையைத் தாமதமாக அழைத்தது. எதிரியின் குண்டு எதுவும் தேவைப்படவில்லை. போர்முனைக்கு ஒரு நாள் மிச்சம் பிடிக்கத்தான் விதிகளைத் தளர்த்தினார்கள். அதன் விலை ஏழு மாதங்கள்: சுமார் 8,000 பேர் பாடுபட்டு, ஐந்து லட்சம் டன் இடிபாடுகளை அகற்றிய பிறகுதான் டாக்குகள் பழைய நிலைக்கு வந்தன. 2020இல் லெபனானின் பெய்ரூட் துறைமுகத்தில் ஆண்டுக்கணக்கில் கிடங்கில் கிடந்த அமோனியம் நைட்ரேட் வெடித்தபோதும் நாட்டின் பெரிய தானியக் களஞ்சியம் அதோடு சிதைந்தது. ஒரு நாட்டுக்குச் சோறு வரும் வாசலும் வெடிமருந்து வரும் வாசலும் பெரும்பாலும் ஒன்றேதான்.

மும்பையின் சரக்கு இன்று பெரும்பாலும் எதிர்க்கரைக்குப் போய்விட்டது. அங்கே நவா ஷேவாவில் 1989இல் தொடங்கிய துறைமுகம்தான் கன்டெய்னர்களைக் கையாள்கிறது. விக்டோரியா டாக்கையும் கன்டெய்னர் முனையத் திட்டத்துக்காக மண் போட்டு நிரப்பிவிட்டார்கள். சிதறிய தங்கக் கட்டிகளில் சில, பல ஆண்டுகளுக்குப் பிறகும் தூர் வாரும்போது கிடைத்தன. பைகுல்லா தீயணைப்புத் தலைமையகத்தில் இறந்த வீரர்களுக்கு நினைவுச் சின்னம் இருக்கிறது. ஏப்ரல் 14 தோறும் நாடெங்கும் தீயணைப்பு நிலையங்களில் அஞ்சலி செலுத்துகிறார்கள். அந்த 66 பேருக்காவது ஒரு நாள் இருக்கிறது. மூட்டை சுமந்தவர்களின் எண்ணிக்கைகூட இன்றுவரை முடிவாகவில்லை.