சந்தூர் மாந்தோப்பில் ஒரு காலை

கிருஷ்ணகிரியில் நாத்தனார் வீட்டு விசேஷம். "இவ்வளவு தூரம் வந்துட்டு சந்தூர் பாக்காம போறதா அண்ணி?" என்று இழுத்துப் போனாள். ஒட்டு மாங்கன்றுகளுக்குப் பேர்போன ஊர். செந்தூரா, பெங்களூரா, மல்கோவா என்று வரிசை வரிசையாகக் கன்றுகள்.

எனக்கோ உள்ளூர ஒரு குறை. மாமியார் ஆசையாக வைத்த ஒட்டு மா, இரண்டு வருஷமாகியும் முழங்கால் உயரம் தாண்டவில்லை. தோட்டத்து அம்மாவிடம் சொன்னேன்.

"எரு போட்டீங்களா?"

"கூடை கூடையா! அன்னன்னிக்குச் சாணியை அப்படியே தண்டைச் சுத்தி..."

அந்த அம்மா தலையில் கை வைத்துக்கொண்டார்.

பச்சைச் சாணி சூடாம், கரையானையும் கூப்பிடும். மக்கிய தொழு எருதான் போடணும். கையில் அள்ளினால் நாற்றமில்லாமல் பொலபொலவென்று உதிரணும். முதல் வருஷம் 10 கிலோ. பிறகு வருஷா வருஷம் பத்துப் பத்தாகக் கூட்டி 50 கிலோ வரை. புரட்டாசி, ஐப்பசியில் தண்டிலிருந்து ஒன்றரை அடி தள்ளி, வட்டமாகப் பள்ளம் பறித்துப் போட்டு மூடி, தண்ணீர் விடணும். ஒட்டுக் கட்டிய இடம் மண்ணுக்கு மேலே தெரியணும், மறக்காதீர்கள்!

ஊர் திரும்பியதும் முதல் வேலையாகத் தண்டைச் சுற்றியிருந்த சாணியை வழித்தெடுத்தேன். ஐப்பசி மழை விட்டதும் செம்பு நிறத்தில் நாலு கொழுந்து! மாமியார் பேரனை இடுப்பில் தூக்கிப் போய்க் காட்டினார்.

"தொடாதேடா கண்ணா, பாரு, பாத்துக்கிட்டே இரு!"